பந்தடிப் பாட்டும் கோஜி கோண்டோவும்

வீடியோ விளையாட்டுக்குப் போடுவதெல்லாம் இசையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டவர் தமிழ் படித்தவர் என்பதுதான் வியப்பு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வரும் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி மூன்றும் விளையாட்டுப் பாடல்கள்தாமே? எங்கள் குற்றாலத்தைப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், குறவஞ்சியில் வசந்தவல்லியைப் பந்தாட விட்டபோது சந்தத்தையும் சேர்த்தே துள்ள வைத்தார். வகுப்பில் அப்பகுதியை நிதானமாகப் படித்துக்காட்ட முயன்றிருக்கிறேன், நாக்கு இசையாது. பந்தின் வேகம் அந்தச் சீர்களுக்குள்ளேயே இருக்கிறது.

ஜப்பானியரான கோஜி கோண்டோவை நான் இந்த வரிசையில் வைத்தே கேட்கிறேன். 1984இல் நின்டெண்டோவில் சேர்ந்த அவர், 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்தார். அந்தக் கருவியின் ஒலிச் சில்லு அவருக்குக் கொடுத்தது மிகக் குறைவு: மெட்டுக்கு இரண்டு குரல், கீழ்ச்சுரத்துக்கு ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சல். வெண்பாவுக்குத் தளை போன்ற கட்டு இது. முதலில் அமைத்த மெட்டு சற்றே சோம்பலாக இருந்தது. மாரியோவின் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் பொருந்தாததால் அதை விட்டுவிட்டு வேறு அமைத்தார். இன்று நாம் கேட்கும் மெட்டில் சுரங்கள் தட்டின்மேல் நேராக விழுவதில்லை. சற்று முன்னும் பின்னுமாக விழுகின்றன. விரல் தாவத் துடிப்பது அதனால்தான்.

நீருக்கடியில் தாளம் மும்மூன்றாக மாறி உடல் மிதக்கிறது. நிலத்தடியிலோ சில கீழ்ச்சுரங்கள், பிறகு மௌனம், மறுபடி அதே சுரங்கள். எனக்கு மிகப் பிடித்தது இந்த மௌனம். நேரம் 100க்குக் கீழே இறங்கினால் அதே மெட்டு காலம் கூட்டி விரைகிறது. எச்சரிக்க வேறு சொல் வேண்டியிருக்கவில்லை. இத்தனைக்கும் ஒரே மெட்டு ஓயாமல் சுழன்று வருகிறது, சலிப்பதில்லை. பின்னாளில் பெரும் வாத்தியக் குழுக்களைக் கொண்டு செய்யப்பட்ட விளையாட்டு இசை பலவும் எனக்குத் திரைப்படப் பின்னணியாகவே படுகிறது. ஆடுபவன் இல்லாவிட்டாலும் அது தன்பாட்டுக்கு ஒலிக்கும்.

கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். கோண்டோவின் மாரியோ மெட்டை 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் சேர்த்தது. அதில் இடம்பெற்ற முதல் வீடியோ விளையாட்டு இசை அது. (அமெரிக்க முத்திரை விழுந்தால்தான் நம்மவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்.)

வேறுபாடு ஒன்று உண்டு. வசந்தவல்லி ஆடுவதைக் கவிராயர் நமக்குப் பார்க்கத் தருகிறார். கோண்டோவின் இசையில் பார்ப்பவர் என்று எவருமில்லை. பந்து நம் கையில் இருக்கிறது.