சிம்மக்கல்லில் இருந்து அழகர்கோவிலுக்கு ஒரே ஓட்டம்!
முதல் "அரை மாரத்தான்" ஓடுகிறவர் எங்கே தவறுகிறார்?

மதுரை நகரில் இருந்து அழகர்கோவில் சுமார் 21 கிலோமீட்டர். பஸ்சில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நடந்து போகிறவர்களும் உண்டு. ஆனால், அந்தத் தூரம் முழுவதையும் ஓடியே கடப்பது என்றால்?

"யாரால் முடியும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இப்போது பலர் ஓடுகிறார்கள். மாணவர்கள், குமாஸ்தாக்கள், நர்சுகள், கடை முதலாளிகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று பல தரப்பினரும் ஓடுகிறார்கள்.

இந்த ஓட்டத்துக்குப் பெயர் "அரை மாரத்தான்". தூரம் 21 கிலோமீட்டர், 97 மீட்டர், 50 சென்டிமீட்டர். மைல் கணக்கில் 13 மைலுக்குச் சற்று அதிகம். முழு மாரத்தான் இதைப்போல் இரண்டு மடங்கு.

1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் நடந்தபோது மாரத்தான் பந்தயம் தொடங்கியது. 42 கிலோமீட்டர் 195 மீட்டர் என்ற கணக்கு, 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. அதில் சரிபாதிதான் அரை மாரத்தான்.

சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரி மாதம் பெரிய ஓட்டம் நடக்கிறது. மதுரையிலும் நடக்கிறது. பணம் கட்டினால் பனியன் தருவார்கள். ஓடி முடித்தால் பதக்கம் போடுவார்கள். அந்தப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை நண்பர் அனுப்புகிறார். பார்த்தவருக்கும் ஆசை வந்துவிடுகிறது. அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுகிறார். பந்தயத்துக்கு இன்னும் நாலே வாரம்தான் இருக்கும்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

விடியற்காலை ஓட்டம்

அதிகாலை ஐந்து மணி. சிம்மக்கல்லில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. பால் வண்டி வருகிறது. பத்திரிகைக் கட்டுகளைப் பையன்கள் பிரிக்கிறார்கள். மாவட்ட மைய நூலகத்தின் கதவு மூடிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் அரைக்கால் சட்டையும் பூட்ஸுமாக ஓடத் தொடங்குகிறார். வைகைப் பாலத்தைத் தாண்டுகிறார். கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று வடக்கே போகிறார்.

திங்கள் முதல் சனி வரை இவருக்கு ஆபீஸ். உட்கார்ந்து பார்க்கும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் மூன்று மூன்று கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கிறார். போன ஞாயிறு 6 கிலோமீட்டர். இந்த ஞாயிறு 12!

ஓடி முடிக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தாயா!" என்று வீட்டில் பெருமை அடிக்கிறார். புதன்கிழமை மாடிப்படி இறங்கும்போது முழங்கால் "சுருக்" என்கிறது. அடுத்த ஞாயிறு குதிகால் வலி. பிறகு கணுக்காலுக்கு மேலே எலும்பு வலி. பந்தய நாளன்று வீட்டில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"வயதாகிவிட்டது" என்று வீட்டார் சொல்வார்கள். வயது காரணம் அல்ல. கணக்குத் தப்பியதுதான் காரணம்.

டென்மார்க் ஆராய்ச்சி

2025ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு நிபுணர்கள் ஒரு பெரிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 87 நாடுகளைச் சேர்ந்த 5,205 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள். எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்பதைக் கடிகாரமே குறித்துவிடும். 18 மாத காலம் கணக்கு எடுத்தார்கள். அவர்களில் 1,820 பேருக்கு ஓட்டத்தால் காயம் அல்லது வலி வந்தது. அதாவது 100க்கு 35 பேர்.

யாருக்கு அதிகமாக வந்தது?

கடந்த 30 நாளில் தாம் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை விட, ஒரே நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டி ஓடியவர்களுக்கு! பத்து முதல் முப்பது சதவீதம் வரை கூட்டியவர்களுக்குக் காயம் ஏற்படும் வேகம் 64 சதவீதம் அதிகம். இரண்டு மடங்குக்கு மேல் ஓடியவர்களுக்கு 128 சதவீதம் அதிகம்.

வாரம் முழுவதும் ஓடிய மொத்தத் தூரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். அதற்கும் காயத்துக்கும் இப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை.

இது முக்கியமான சேதி. "வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே" என்று ஓட்டக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். நெதர்லாந்து நாட்டில் குரோனிங்கன் என்ற ஊரில் அதைச் சோதித்தார்கள். அதன் முடிவு 2008இல் வெளிவந்தது. 4 மைல் பந்தயத்துக்குத் தயாரான 532 புதியவர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டி 13 வாரம் மெதுவாகக் கூட்டியது. மற்றது 8 வாரத்தில் பழகியது. இரண்டிலும் 100க்குச் சுமார் 20 பேருக்குக் காயம். வித்தியாசமே இல்லை!

அப்படியானால் பத்து சதவீதக் கணக்கு பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. கணக்கு சரி, அதைப் போட்ட இடம் தவறு என்று தோன்றுகிறது. வாரத்தின் மொத்தத்தைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை!

டென்மார்க் ஆராய்ச்சிக்கும் ஒரு குறை உண்டு. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஓட்டத்தில் பழகிய ஆண்கள். பெண்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும், பழகியவர்களுக்கே இந்தக் கதி என்றால், புதியவர் இன்னும் ஜாக்கிரதையாக இருப்பதில் நஷ்டம் இல்லை.

மூச்சு பழகும்; எலும்பு பழகாது

ஓடத் தொடங்கிய சில வாரங்களில் மூச்சு வாங்குவது குறைந்துவிடும். இருதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்ளும். உடனே மனிதனுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் தசைநாரும் எலும்பும் அவ்வளவு வேகமாக உறுதிப்படுவது இல்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 21 கிலோமீட்டருக்குச் சுமார் 20 ஆயிரம் அடி. எழுபது கிலோ எடையுள்ளவர் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்! பழனிக்கு நடந்தவர்கூட "எனக்குத் தூரம் புதிதா?" என்று சொல்லிவிட முடியாது. நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கிறது. ஓடும்போது உடம்பு அந்தரத்தில் எழும்பி விழுகிறது.

அழகரே ஒரே மூச்சில் மதுரைக்கு வருவது இல்லை. வழிநெடுக மண்டகப்படிகளில் நின்று, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, தல்லாகுளத்தில் தங்கி, அப்புறம்தான் வைகையில் இறங்குகிறார்.

ஞாயிறு கணக்கு

ஒருவரால் இப்போது 8 கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து சதவீதம் கூட்டினால் அடுத்தது 8.8. அப்புறம் 9.7, 10.6, 11.7, 12.9, 14.2, 15.6, 17.1. பத்தாவது நீண்ட ஓட்டத்தில் 18.8 வந்துவிடும்.

மூன்று ஞாயிறு கூட்டிய பிறகு ஒரு ஞாயிறு குறைத்து ஓட வேண்டும். பாதித் தூரம் போதும். கால் ஆறுவதற்கு அந்த ஓய்வு. 30 நாள் கணக்கு என்பதால் அப்படிக் குறைப்பதால் நஷ்டம் இல்லை. ஆக 13 ஞாயிறு. பந்தயத்துக்கு முந்திய வாரமும் குறைவாகவே ஓட வேண்டும். 15ஆவது ஞாயிறு பந்தயம்!

ஜனவரி முதல் வாரம் பந்தயம் என்றால், செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கியாக வேண்டும். நாலு வாரத்தில் நடக்கிற காரியமா இது?

18.8க்கும் 21.1க்கும் இடையே 12 சதவீதம் வருகிறதே என்று கணக்குப் பிள்ளைகள் கேட்கலாம். உண்மைதான். அந்த மீறலைப் பந்தய நாளுக்கு என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். பிடிக்காதவர் இன்னொரு வாரம் சேர்த்து 20ஐத் தொட்டுவிட்டு வரலாம்.

நடுவில் காய்ச்சல் வந்தால்? ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் மதுரையில் காய்ச்சல் வராத வீடு குறைவு. ஐந்து வாரம் படுத்தவர், விட்ட இடமான 14 கிலோமீட்டரில் இருந்து தொடங்கக் கூடாது. அந்த 30 நாளில் அவர் ஓடியது பூஜ்யம். மறுபடியும் கீழே இருந்துதான் வர வேண்டும். பந்தயம் தப்பினால் தப்பட்டும். கட்டிய பணம் போனால் போகட்டும்.

வேகமும் கூடாது. நீண்ட ஓட்டத்தில் பக்கத்தில் ஓடுகிறவருடன் பேச முடிய வேண்டும். முழு வாக்கியம் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இடையிடையே ஒரு நிமிடம் நடந்தாலும் குற்றம் இல்லை.

தண்ணீரும் வெயிலும்

தசையில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து சுமார் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். புதியவருக்கு அரை மாரத்தான் ஓட இரண்டரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் இடையில் ஏதாவது சாப்பிட வேண்டும். வாழைப்பழம் போதும். கடலை மிட்டாய் ஒத்துக்கொள்கிறவர்கள் அதையும் வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் பயிற்சியில் தின்று பழக வேண்டும். பந்தயத்தன்று புதிதாக ஒன்றைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய உண்டு. முந்திய ராத்திரி கறிதோசையும் வேண்டாம். அதை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

"நிறையத் தண்ணீர் குடி" என்பார்கள். தாகத்துக்குக் குடிப்பது நல்லது. அளவு மீறினால் அதுவும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 100க்கு 13 பேருக்கு ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்துபோய் இருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். உப்புப் போட்ட மோர் நம் ஊரில் எந்தக் காலத்திலும் உண்டு.

மதுரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். ஓடுகிறவர் உளறினாலோ, தள்ளாடினாலோ வெயில் தாக்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே நிழலில் கிடத்தித் தலையில், உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிக் குளிரவைத்து, 108க்குச் சொல்ல வேண்டும்.

"ஓடும்போது நெஞ்சு அடைத்துச் செத்தார்" என்ற சேதி வந்தால் குடும்பமே பயந்துபோகிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை இந்தப் பந்தயங்களில் ஓடிய சுமார் ஒரு கோடியே 9 லட்சம் பேரின் கணக்கைப் பார்த்தார்கள். இருதயம் நின்றது 59 பேருக்கு. ஏறக்குறைய 1,84,000 பேருக்கு ஒருவர். முழு மாரத்தானை விட அரை மாரத்தானில் இது நாலில் ஒரு பங்குதான். ஆபத்து சிறியது. ஆனால் இருதயக் கோளாறு மறைந்திருப்பது ஓடுகிறவருக்கே தெரியாது. நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர், வீட்டில் மாரடைப்பு கண்டவர் டாக்டரைப் பார்க்காமல் பெயர் கொடுக்கக் கூடாது. இன்சுலின் ஊசி போடுகிறவருக்கு வழியில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

வியாதி வந்தவர் ஓடவே கூடாது என்றும் இல்லை. சென்னை மேயராக இருந்தவரும், 2021இல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சரானவருமான மா. சுப்பிரமணியம் சர்க்கரை நோய் உள்ளவர். விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். நடுத்தர வயதுக்குப் பிறகு ஓடத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார்.

பூட்ஸ் வேண்டுமா?

ஆயிரக்கணக்கில் பூட்ஸ் விற்கிறது. அது இல்லாமல் ஓட முடியாதா? 1960இல் எத்தியோப்பிய வீரர் அபெபெ பிகிலா ரோம் நகரில் வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக் மாரத்தானில் தங்கப் பதக்கம் வாங்கினார். நம் நாட்டு சிவ்நாத் சிங்கும் வெறுங்காலில் ஓடியவர். 1978இல் ஜலந்தரில் அவர் 2 மணி 12 நிமிடத்தில் முழு மாரத்தானை முடித்தார். அந்தச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி முதலில் வெறுங்காலோடு ஓடியவர்தான். பாட்டி வளர்த்த பெண். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

ஆனால் அவர்கள் பாதம் சிறு வயது முதல் பழகியது. நாற்காலியில் பழகியவர் அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்ற வேண்டாம். சௌகரியமான பூட்ஸ் போதும். விலை உயர்ந்தது என்பதற்காக முழங்கால் வலி வராமல் போகாது.

பெண்களுக்கு வேறு கவலை. விடியற்காலை இருட்டில் தனியாக மூன்றுமாவடிக்கு அப்பால் ஓடச் சொல்ல எந்த வீட்டார் சம்மதிப்பார்கள்? நாலு பேர் சேர்ந்து ஓடுகிறார்கள். அல்லது ரேஸ் கோர்ஸ் விளையாட்டு அரங்கில் சுற்றுகிறார்கள். அங்கே ஒரு சுற்று 400 மீட்டர். அரை மாரத்தானுக்கு 52 சுற்று சுற்றி, 53ஆவதிலும் முக்கால் பங்கு ஓட வேண்டும். தலை சுற்றும், ஆனால் லாரி வராது. சாலைகளில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் விளக்கை அணைக்காமல் விட்டு, ஒரு போலீஸ்காரரையும் நிறுத்தினால் பெண்கள் தைரியமாக ஓடுவார்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

பதினைந்து ஞாயிறு பொறுத்தவர் அழகர்கோவில் போய்ச் சேர்ந்துவிடுவார். மலையடிவாரத்தில் குரங்குகள் அவர் கையில் உள்ள வாழைப்பழத்தைப் பறிக்கப் பார்க்கும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சிம்மக்கல்லுக்குத் திரும்பி ஓட வேண்டியது இல்லை. பஸ் இருக்கிறது.