பழகுபவருக்கும் குல்மார்க்தான்

முதன்முதலாகப் பனிச்சறுக்கு பழகுகிறவர்கள் காஷ்மீரின் குல்மார்க் பக்கமே போகக்கூடாது, உத்தராகண்டின் ஆவ்லிதான் சரி என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் குல்மார்க்கின் அஃபர்வத் மலையின் பனிச்சரிவு. 2023 பிப்ரவரியில் அங்கே போலந்து நாட்டவர் இருவர் பனியில் புதைந்து இறந்தது உண்மை. ஆனால் அது, கோண்டோலா என்னும் ரோப்காரின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஏறிச் செல்லும் மலை. புதிதாகப் பழகுபவருக்கு அங்கே என்ன வேலை? அவர் கீழே, 2,650 மீட்டரில், கிண்ணம்போல் விரிந்த வெளியில்தான் நிற்பார். கனத்த காலணி பலகையில் 'டக்'கென்று மாட்டும். பத்தடி வழுக்குவார், முழங்கால் மடங்கும், பனியில் உட்கார்ந்துவிடுவார். விழுந்த இடத்தில் எழுந்து நிற்கப் பழகுவதுதான் முதல் நாள் பாடம்.

ஆவ்லியின் சரிவு நல்ல சரிவு, நந்தாதேவியின் காட்சியும் அற்புதம். ஆனால் ஜோஷிமட்டைப் பற்றி நண்பர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை! அந்த ஊரைத் தாண்டித்தான் ஆவ்லிக்கு ஏற வேண்டும். 2023 ஜனவரியில் அங்கே நிலம் அமிழ்ந்தது, சுவர்கள் பிளந்தன, குடியிருக்கத் தகாத வீடுகளில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டார்கள். அங்கிருந்து ஆவ்லிக்குச் செல்லும் ரோப்காரையும் அப்போதே நிறுத்தினார்கள். தவித்து நிற்கும் அந்த மலையின் மேல் இன்னும் கூட்டத்தை ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பனி பொய்ப்பது இரண்டுக்கும் பொது. 2024 ஜனவரியில் குல்மார்க்கே வறண்டு கிடந்தது. அதனால் பிப்ரவரியில் போங்கள். பயிற்சியாளர் இல்லாமல் பலகையில் கால் வைக்காதீர்கள்.