எண்ணெய் முள் சொல்லாத சூடு

லண்டனின் மோர்டனில் மின்சாரக் கார்கள் பெருகிவிட்டன. அதற்காக டிரான்ஸ்பார்மரை மாற்ற வேண்டியதில்லை, ரேடியேட்டருக்கு நேரே ஃபேன் மாட்டினால் 500 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 700 இழுக்கலாம் என்கிறார் நண்பர். எண்ணெய் வெப்பமானியின் முள் ஏறவில்லை என்பதே அவருடைய முழு ஆதாரம். இந்த வாதம் தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

டிரான்ஸ்பார்மரின் ஆயுளைத் தீர்மானிப்பது எண்ணெயின் சூடு அல்ல, சுருளின் கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதத்தின் சூடு. 500-க்குப் பதில் 700 என மின்னோட்டம் 1.4 மடங்கானால் சுருளில் எழும் வெப்பம் ஏறத்தாழ இருமடங்காகும். அது காகிதத்தைக் கடந்துதான் எண்ணெய்க்கே வர வேண்டும். தெரு டிரான்ஸ்பார்மர் முழுச் சுமையில் ஓடும்போது சுருளின் மிகச் சூடான இடம் மேல் எண்ணெயைவிட 23 டிகிரி கூடுதல் என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைய வழிகாட்டியின் கணக்கு. 1.4 மடங்கில் அது 39 ஆகிறது. ஃபேன் எண்ணெயைப் பழைய சூட்டிலேயே நிறுத்தினாலும் காகிதம் 16 டிகிரி கூடுதலாக வேகிறது. சாதாரணக் காகிதம் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இருமடங்கு வேகத்தில் முதுமையடையும். முழுச் சுமையில் ஆறு மணி நேரத்தில் தேயும் ஆயுள் இங்கே ஒரே மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முள் அசையாமலே நிற்கும்!

துணை மின்நிலையங்களில், ஃபேன் ஓடும்போது 12-க்குப் பதில் 24 தாங்கும் 12/24 எம்விஏ டிரான்ஸ்பார்மர்கள் இல்லையா என்று கேட்கிறார். அவற்றில் எண்ணெயைத் தள்ளும் பம்பும் உண்டு. சுருள், புஷ்ஷிங், டேப் சேஞ்சர் எல்லாமே 24-க்காகச் செய்யப்பட்டவை. அது வடிவமைத்த திறன். தெருப்பெட்டிக்கு அதை உதாரணம் காட்டுவது பொறியியலே அல்ல.

2025 மார்ச் 21 அன்று ஹீத்ரோ விமான நிலையத்தை முடக்கிய நார்த் ஹைட் துணை மின்நிலையத் தீக்கு மிகைச்சுமை காரணமில்லை என்றும் எழுதுகிறார். உண்மைதான். புஷ்ஷிங்கில் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்றது விசாரணை அறிக்கை. 2018-இலேயே எண்ணெய் மாதிரியில் அந்த ஈரம் தெரிந்திருந்தது, உரிய நடவடிக்கை இல்லை. இது அவருக்கு எப்படிச் சாதகமாகும்? பெரிய நிலையத்திலேயே எச்சரிக்கை ஏழாண்டு கிடப்பில் கிடந்தது. தெருமுனையில் ஒரு ஃபேன் நின்றுபோனதை யார் வந்து பார்ப்பார்கள்? ஃபேன் நின்றாலும் 700 சுமை குறையாது. 2022 ஜூலையில் ஹீத்ரோவில் பதிவானதுபோல 40.2 டிகிரி வெயில் அடித்தால், ஓடும் ஃபேனும் அனல் காற்றைத்தான் வீசும்.

பக்கத்து டிரான்ஸ்பார்மர் பழுதான இரவில் சில மணி நேரம் சமாளிக்க ஃபேன் உதவும், அதை மறுக்கவில்லை. அதையே நிரந்தர ஏற்பாடாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். கார் சார்ஜிங்கை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள். அப்படியும் போதவில்லையென்றால் 1,000 கேவிஏ வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சுருளின் சூட்டை அளக்காமல், குழந்தைகள் தூங்கும் வீட்டுச் சுவரை ஒட்டி இந்தச் சோதனை வேண்டாம்.