வழி காட்டும் படம்

மோட்டார் வண்டி ஓட்டுவோரிடையே இன்று ஒரு விவகாரம் நடந்து வருகிறது. வான்கோளின் துணைகொண்டு வழி சொல்லும் கைப்பேசி சட்டைப் பையில் இருக்கும்போது காகிதத்தில் அச்சிட்ட சாலைப் படம் எதற்கு என்று ஒரு சாரார் கேட்கின்றனர். கைப்பேசியை நம்பிச் சென்றவர்கள் ஆற்றில் விழுந்த செய்திகளை எடுத்துக் காட்டி, பழைய படமே பத்திரமானது என்று மற்றொரு சாரார் சாதிக்கின்றனர். பட்டணத்துக் கனவான்களுக்கு இது பொழுதுபோக்கான வாதமாயிருக்கலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசுத் தொழிற்சாலைகள் கரிசற்காட்டு நடுவே சிதறிக் கிடக்கும் விருதுநகர் ஜில்லாவில் இது உயிர் சம்பந்தமான விஷயம். ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வது நமது கடமையாகிறது.

இவ்வாதத்தில் இரு தரப்பினரும் ஒரு பேதத்தைக் கவனியாது பேசுகின்றனர். வான்கோள் வழி சொல்லுவதில்லை. பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்கள் ஒவ்வொன்றும், தன்னிடமுள்ள அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகின்றன, அவ்வளவே. நான்கு கோள்களின் சமிக்ஞைகள் வந்து சேர்ந்த காலதாமதத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கருவி அறிந்துகொள்கிறது. ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும் என்றால், இக்கணக்கின் நுட்பத்தை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். இங்ஙனம் அறிந்த இடத்தைக் கொண்டு "இடப்புறம் திரும்பு", "நேரே செல்" என்று கட்டளையிடுவது கோளன்று. ஏதோ ஒரு கம்பெனி தயாரித்து வைத்திருக்கும் படமே. காகிதத்தை ஏளனம் செய்பவரும் ஒரு படத்தைத்தான் நம்பிச் செல்கிறார். அப்படத்தை எழுதியவர் யார், அதை எப்போது திருத்தினார் என்பன மட்டும் அவருக்குத் தெரியா.

இந்தப் பேதம் விளங்காமையால் நேரும் அநியாயத்திற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2024 நவம்பரில் ஐக்கிய மாகாணம் என்று முன்னாளில் வழங்கிய உத்தரப் பிரதேசத்தில், பரேலிக்கு அருகில், ராமகங்கை ஆற்றின் பாலத்திலிருந்து ஒரு மோட்டார் கார் விழுந்து மூவர் மாண்டனர். கைப்பேசி காட்டிய வழியே அவர்கள் சென்றதாகச் செய்தி வந்தது. பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்பே அடித்துக்கொண்டு போயிருந்தது. கார் நின்ற இடத்தைக் கோள்கள் சரியாகவே கூறின. பாலம் இல்லை என்பது படத்துக்குத் தெரியாது. படத்துக்குத் தெரியாததில் வியப்பில்லை. ஆனால் மராமத்து இலாகாவுக்குமா தெரியாது? பாலத்தின் முகப்பில் வண்டியைத் தடுத்து நிறுத்தவல்ல தடுப்பு ஒன்று இருந்திருப்பின், கையில் எந்தப் படம் இருந்தாலும் அம்மூவரும் உயிரோடு வீடு திரும்பியிருப்பர். போலீஸார் வழக்குப் பதிந்தபோது இலாகா இஞ்சினீயர்களையும் படக் கம்பெனியின் அதிகாரியையும் ஒருங்கே சேர்த்தனர். யாருடைய குற்றம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. எனினும், சாலையின் உண்மை நிலையை அறிந்தவன் அதை ஊரறியச் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற நியாயத்தை எந்த நீதிபதியும் மறுக்கமாட்டார் என்பது நமது துணிபு.

அப்படியானால் காகிதப் படம் குற்றமற்றதா? அதுவும் இல்லை. அச்சேறிய நாளோடு காகிதப் படத்தின் அறிவு நின்றுவிடுகிறது. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் பெருவழியைப் பழைய படங்கள் 7ஆம் எண் தேசீய நெடுஞ்சாலை என்றே குறிக்கும்; 2010ஆம் வருஷத்து மறு எண்ணீட்டுக்குப் பின் அது 44ஆம் எண். அப்பழம் படத்தைப் பார்த்து மைல்கல்லில் 7ஐத் தேடுபவன் ஏமாந்து போவான். போக்குவரத்து நெரிசலையும், நேற்று இரவு பெய்த மழையில் ரயில்வே சுரங்கப்பாதையில் நீர் தேங்கியிருப்பதையும் காகிதம் ஒருநாளும் சொல்லாது.

ஆயினும் காகிதத்துக்கு உரிய பெருமை ஒன்று உண்டு. அது முழுமையைக் காட்டுகிறது. கைப்பேசியோ அடுத்த திருப்பத்தை மட்டும் காட்டி, மற்றவற்றை மறைத்துக்கொள்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் எத்திசையில் இருக்கிறது, மேற்குமலை எங்கே, ஒரு வழி அடைபட்டால் வேறு எவ்வழியே போகலாம் என்பவற்றைப் படத்தை விரித்துப் பார்த்தவன் ஒருமுறை மனத்தில் வாங்கிக் கொள்கிறான். கருவியின் குரலுக்குக் கீழ்ப்படிந்து பத்துமுறை சென்றவனுக்குப் பதினோராவது முறையும் வழி தெரிவதில்லை. மின்சாரம் தீர்ந்துபோனாலும், மலையடிவாரத்தில் தொடர்பு அற்றுப்போனாலும், அவன் நடுச்சாலையில் கண் கட்டப்பட்டவனாக நிற்கிறான். 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுகையில் கைக்கருவியை வழி அறிவதற்கு மட்டுமே உபயோகிக்கலாம், அதுவும் கவனம் சிதறாதவாறு உபயோகிக்க வேண்டும் என்று விதிக்கிறது. கவனம் சிதறாதிருக்க வேண்டுமாயின், வழியின் பெரும்போக்கு புறப்படுமுன்பே மனத்தில் படிந்திருக்க வேண்டாமா?

இனி நமது ஜில்லாவின் நிலைமையைப் பார்ப்போம். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் பட்டாசு வாங்க வருவோரின் வண்டிகள் சிவகாசியை நோக்கிச் சாரிசாரியாக வருகின்றன. இங்கிருந்து வடநாட்டுக்குப் பட்டாசு ஏற்றிய லாரிகள் செல்கின்றன. கைப்பேசி பெரும்பாலும் காருக்கு ஏற்ற குறுக்குவழியையே கணிக்கிறது. பத்து டன் வெடிச்சரக்கு ஏற்றிய லாரி, அக்குறுக்குவழியே குடியிருப்பு நெருங்கிய சந்துக்குள் நுழைந்துவிட்டால் அதைத் திருப்புவது எப்படி? 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் கருவி காட்டிய வழியே சென்று படிக்கட்டில் இறங்கி நின்றதைக் கேட்டு நாடெங்கும் சிரித்தது. வெடிமருந்து வண்டிக்கு அவ்விதம் நேர்ந்தால் சிரிப்பதற்கு ஒன்றுமிராது.

ஊர்ப்பெயர்களின் கதி இன்னும் பரிதாபமானது. பட்டிகள் நிறைந்த ஜில்லா இது: செங்கமலப்பட்டி, சின்னக்காமன்பட்டி, செவல்பட்டி, முதலிப்பட்டி. ஆங்கில எழுத்தில் எழுதினால் பட்டிக்கும் பாட்டிக்கும் வேற்றுமையில்லை. ல, ள என்ற பேதமும் இல்லை. ஏழாயிரம்பண்ணையைக் கருவியின் வாயில் கேட்பவர், அது எந்தத் தேசத்து ஊர் என்று திகைப்பார். ஒரே பெயருடைய ஊர்கள் இரண்டு மூன்று தாலூகாக்களில் இருப்பதும் உண்டு. பெயர் பிழையானால் இடம் பிழையாகும். இடம் பிழையானால் காலம் வீணாகும்.

அந்தக் காலத்தின் விலை என்ன? 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டித் தொழிற்சாலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளம், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை முதல் தேதியில் சின்னக்காமன்பட்டி என்று அத்துயரப் பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது. இவ்விபத்துக்கள் வழி தெரியாமையால் நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. அவற்றின் காரணங்கள் வேறு. ஆனால் வெடித்தபின் தீயணைப்பு வண்டியும் 108 ஆம்புலன்ஸும் வந்து சேரும் ஒவ்வொரு நிமிஷமும் ஓர் உயிரின் விலையுடையது. தொழிற்சாலைகள் நெடுஞ்சாலை ஓரத்தில் இல்லை; பாதுகாப்பை முன்னிட்டுக் காட்டுக்குள் தள்ளி நிற்கின்றன. அவற்றுக்குள்ளேயோ தனித்தனி அறைகள், இடைவெளிகள், மருந்து கலக்கும் இடம், சரக்கு வைக்கும் கிடங்கு. கைப்பேசிப் படம் வாசல் வரையில் கொண்டுவிடலாம். எந்த அறையில் எது இருக்கிறது, எந்தப் பக்கம் நீர் கிடைக்கும் என்று சொல்லுமா?

இங்குதான் நமது முக்கியமான வாதம் இருக்கிறது. 2008ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளின்படி லைசென்ஸ் பெற விரும்பும் தொழிற்சாலை, தன் இடத்தின் வரைபடத்தைச் சுற்றுப்புறத்தோடும் தூரங்களோடும் குறித்து அதிகாரிகளிடம் ஒப்பிக்க வேண்டும். ஆகவே வேண்டிய படம் காகிதத்தில் முன்பே இருக்கிறது. தஸ்தாவேஜுக் கட்டில் இருக்கும் படம் உயிர் காக்காது. ஆபத்து வேளையில் வண்டியோட்டியின் கையில் இருக்கும் படமே காக்கும்.

படத்தைப் பூட்டி வைக்கும் பழக்கம் நமக்கு அந்நிய ஆட்சியிலிருந்து வந்தது. 1767இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சர்வே இலாகாவை ஸ்தாபித்ததும், 1802இல் லாம்டன் துரை சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மகா திரிகோண சர்வேயைத் தொடங்கியதும், நாட்டை ஆள்வதற்கும் வரி வாங்குவதற்கும் படை நடத்துவதற்குமே. அக்காலத்தில் படம் ஆள்வோரின் ஆயுதம். ஜனங்களிடம் அதைக் கொடுக்காததில் அவர்கள் மட்டில் நியாயம் இருந்தது. சுதந்திரம் வந்த பின்னரும் கடற்கரை, எல்லைப் பிரதேசங்களின் விரிவான படங்கள் நெடுங்காலம் பொதுஜனங்களுக்கு எட்டாமலே இருந்தன. 2005ஆம் வருஷத்துத் தேசீயப் படக் கொள்கை கதவைச் சற்றே திறந்தது. 2021 பிப்ரவரி 15ஆம் தேதிய உத்தரவுதான் முன் அனுமதி என்னும் விலங்கை இந்தியர்களுக்கு அவிழ்த்துவிட்டது. நாம் நமது படத்தை நம்மிடமிருந்தே ஒளித்து வைத்திருந்த இடைக்காலத்தில், அந்நியக் கம்பெனிகள் நமது சந்துபொந்துகளையெல்லாம் எழுதிக்கொண்டு போய் நமக்கே வழி சொல்லத் தொடங்கின. அவர்களை நாம் குறை கூறவில்லை. நாம் உறங்கிய நேரத்தில் அவர்கள் உழைத்தனர்.

வானத்திலும் இதே கதைதான். ஜி.பி.எஸ். அமெரிக்க சர்க்காருடையது. 2000 மே மாதம் வரையில் பிறருக்குக் கிடைக்கும் சமிக்ஞையை அவர்கள் வேண்டுமென்றே மங்கச் செய்திருந்தனர். அவர்கள் மனமிரங்கி நிறுத்திய பின்னரே சாதாரண மோட்டார்காரனுக்கு அது பயன்பட்டது. இதையறிந்த நமது விஞ்ஞானிகள் 2013 முதல் 2016 வரையில் ஏழு கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினர். அவ்வமைப்புக்கு 'நாவிக்' என்று பெயரும் சூட்டப்பட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து தருவித்த அணுக்கடிகாரங்கள் சில பழுதுற்றன. 2017இல் ஏவிய மாற்றுக் கோள் வெப்பக் கவசம் திறவாமல் வீணாயிற்று. 2023 மே மாதத்தில் உள்நாட்டுக் கடிகாரத்தோடு சென்ற கோள் நம்பிக்கை தந்தது. 2025 ஜனவரியில் சென்றதோ உத்தேசித்த பாதையை அடையவில்லை. இடையூறுகளைக் கண்டு பரிகசிப்பது தேசபக்தியன்று. இடையூறுகளை மறைப்பதும் தேசபக்தியன்று. சுதேசிக் கோள்கள் பூரணமாகச் செயல்படும் நாளை விரைவுபடுத்த வேண்டிய பணத்தையும் கவனத்தையும் சர்க்கார் தயங்காது அளிக்க வேண்டும்.

"காகிதப் படத்தை இனி யார் வாங்குவார்? கடையில் தூசிபடிந்து கிடக்கும்" என்று சில நண்பர்கள் ஆட்சேபிக்கலாம். விற்பனைக்காக அன்று, பொது நன்மைக்காகவே நாம் அதைக் கேட்கிறோம். இதற்குச் சிவகாசியைவிடத் தகுந்த ஊர் இந்தியாவில் வேறெது? தேசத்தின் காலண்டர்களையும் நாட்குறிப்புகளையும் பல வர்ணங்களில் அச்சிட்டு அனுப்பும் அச்சுக்கூடங்கள் அங்கே இருக்கின்றன. ஊருக்கெல்லாம் தேதி காட்டும் நகரம் தன் ஜில்லாவுக்கு வழி காட்டக் கூடாதா?

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவது, உடைந்த பாலம், மூடிய சாலை, நீர் தேங்கிய சுரங்கப்பாதை ஆகியவற்றின் விவரத்தை நெடுஞ்சாலை இலாகாவும் உள்ளாட்சி மன்றங்களும் அன்றன்றே யாரும் எடுத்தாளும்படி வெளியிட வேண்டும். அவ்விடங்களில் கண்ணுக்குத் தெரியும் தடுப்பும் வைக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு தாலூகாவுக்கும் தமிழ்ப் பெயர்களோடு கூடிய விரிவான சாலைப் படம் ஒன்று தயாராக வேண்டும். தொழிற்சாலைகளுக்கு எண் கொடுத்து, அவ்வெண் சாலைத் திருப்பத்திலும் வாசலிலும் பெரிதாக எழுதப்பட வேண்டும். உள்ளமைப்புப் படத்தின் பிரதி சிவகாசி, சாத்தூர், விருதுநகர் தீயணைப்பு நிலையங்களின் வண்டிகளிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, அதே விவரங்களைக் கைப்பேசிப் படம் எழுதுவோர் அனைவருக்கும், அந்நியர் சுதேசிகள் என்ற பேதமின்றி, சர்க்காரே சரியான எழுத்தில் அளிக்க வேண்டும். நான்காவது, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தங்கள் ஊரின் படத்தைத் தாங்களே நடந்து அளந்து வரையப் பழக வேண்டும்.

சர்க்காரை மட்டும் நம்பியிருப்பதும் நமக்கு அழகன்று. 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப் படத்தில் எவரும் தம் ஊரின் தெருவையும் குளத்தையும் பெயரோடு எழுதலாம். எவரும் அதை இலவசமாக எடுத்தாளலாம். ராட்டையில் நூற்பதற்கு ஒருநாளைக்கு அரைமணி ஒதுக்கிய தேசம் இது. தேசத்தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தங்கள் கிராமத்துச் சாலைகளைத் திருத்தி எழுத ஒதுக்கலாகாதா? விருதுபட்டி விருதுநகராகிப் பல்லாண்டு ஆனபின்னும் ரயில்வேயின் மூன்றெழுத்துச் சுருக்கம் அப்பழம் பெயரையே சுமந்து நிற்கிறது. பெயரை மாற்றியவர்கள் ஊரார். எழுதி வைத்தவர்கள் வேறு யாரோ. தன் ஊரைத் தானே எழுதாதவனுக்குப் பிறர் எழுதியதே விதியாகும்.

கருவியா காகிதமா என்ற சண்டையை இவ்வளவில் நிறுத்துவோம். புறப்படுமுன் படத்தைப் பாருங்கள். போகையில் கருவியைக் கேளுங்கள். ஐயம் தோன்றிய இடத்தில் வண்டியை நிறுத்திச் சாலையோரத்து உழவனை விசாரியுங்கள். அம்மூவரும் உண்மை சொல்லக்கூடிய நிலையில் நாட்டை வைத்திருக்கும் பொறுப்பு சர்க்காருடையது. அப்பொறுப்பை அவர்களுக்கு ஓயாது நினைவூட்டும் பொறுப்பு நம்முடையது. அடுத்த தீபாவளிக்குள் ஒரு தாலூகாவின் படமேனும் தமிழில் அச்சேறித் தீயணைப்பு வண்டியில் ஏறுமாயின், இன்று நாம் எழுதியது வீண் போகவில்லை என்று கருதுவோம்.