பெயரும் ஒரு சொத்தே



எழுத்துக்கூட்டிப் படிக்க இன்னும் பழகாத முதலாம் ஆண்டு மாணவனும், மஞ்சள் நிற 'எம்' எழுத்தைக் கண்டவுடன் அஃது எந்த உணவகம் என்று சொல்லிவிடுவான். சொல்லைப் படிக்குமுன்பே சின்னத்தைப் படிக்கக் குழந்தை கற்றுவிடுகிறது. வணிகர்கள் தங்கள் சின்னத்தைக் காக்க நீதிமன்றம் வரை செல்வது இதனால்தான்.

வணிக முத்திரைச் சட்டம் பெருமுதலாளிகளுக்கே உரியது என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. நம் நாட்டில் நடந்த வழக்கொன்றே அதற்குச் சான்று.

1999-ஆம் ஆண்டு கோலாலம்பூர், ஜாலான் ஈப்போவில் இந்தியத் தம்பதியர் 'மெக்கறி' என்னும் உணவகத்தைத் தொடங்கினர். 'மலேசியன் சிக்கன் கறி' என்பதன் சுருக்கமே அப்பெயர் என்பது அவர்தம் விளக்கம். 2001-இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 8-இல் கூட்டரசு நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸின் மனுவை ஏற்க மறுத்ததால் வழக்கு முடிவுற்றது.

'மெக்' என்னும் முன்னொட்டு ஒருவருக்கே உரிமையாகாது. இரு கடைகளின் பெயர்ப்பலகையும் உணவும் வெவ்வேறானவை என்பதே தீர்ப்பின் சாரம். வாங்குவோரை ஏமாற்றுவதைத்தான் சட்டம் தடுக்கிறது. மொழியின் எழுத்துகளை அது யாருக்கும் பட்டா போட்டுக் கொடுப்பதில்லை. ஆயினும், ஒரு சிறு கடை எட்டாண்டுகள் வழக்காட நேர்ந்ததையும் நாம் மறத்தலாகாது.

இன்று நம் பெற்றோர் பலர் மசாலைத் தூள், முறுக்கு, அணிகலன் முதலியவற்றை வீட்டிலிருந்தே விற்கின்றனர். "நிறுவன ஆணையத்தில் வணிகத்தைப் பதிந்துவிட்டோமே, போதாதா?" என்று கேட்கின்றனர். போதாது. அது வணிகம் செய்வதற்கான பதிவு மட்டுமே. பெயருக்கும் சின்னத்திற்கும் காப்பு வேண்டுமாயின் அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியே பதிய வேண்டும். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2019-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 27 முதல் நடப்பில் உள்ளது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். பதியாதவருக்கும் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் தம் பெயருக்கு நற்பெயர் உண்டு என்பதையும், மற்றவர் செயலால் மக்கள் மயங்குகின்றனர் என்பதையும், தமக்கு இழப்பு நேர்கிறது என்பதையும் அவரே மெய்ப்பிக்க வேண்டும். சிறு வணிகருக்கு அஃது எளிதன்று.

தமிழ் எழுத்திலும் முத்திரையைப் பதியலாம். அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் உடன் தர வேண்டும். 'சுவையான முறுக்கு' போன்று பொருளை வருணிக்கும் சொற்கள் மட்டும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. எனவே தனித்தன்மையுள்ள பெயர் தேவை. நம் மொழியின் சொல்வளம் இங்கே கைகொடுக்கும்.

ஆசிரியர்களுக்கும் இதில் கடமையுண்டு. பிறர் கட்டுரையைப் பார்த்து எழுதுவது தவறு என்று கற்பிக்கிறோம். புகழ்பெற்ற சின்னத்தைப் போலியாக ஒட்டிய புத்தகப்பையும் காலணியும் அதே தவற்றின் மற்றொரு வடிவம் என்பதையும் கற்பிப்போம். சிற்றுண்டி விற்பனை நாளில் ஒவ்வொரு வகுப்பும் தன் கடைக்குச் சொந்தமாகப் பெயரும் சின்னமும் படைக்கட்டும். தான் படைத்ததன் அருமையை உணர்ந்த பிள்ளை, பிறர் படைப்பைத் திருட நாணும்; தன் உழைப்பின் பெயரைப் பிறர் கவரவும் விடாது.

சிந்திப்போம், செயல்படுவோம்.