தொண்டுக்கும் வரம்பு உண்டு

ஊதியம் பெறாமல் உழைப்பவரைக் கேள்வி கேட்கலாமா? இந்த வினா எழும்போதெல்லாம் நம் வளாகத்தில் பெரும்பாலோர் வாய் மூடிக்கொள்கின்றனர். சதுரங்கக் கழகம், நிழற்படக் கழகம், திரைப்படக் கழகம், மலையேற்றக் குழு என இங்கே இயங்கும் பொழுதுபோக்கு அமைப்புகள் அனைத்தையும் நடத்துவோர் மாணவத் தொண்டர்களே. பாடங்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி, சில வேளைகளில் சொந்தக் காசையும் செலவிட்டு, அவர்கள் ஆற்றும் பணி போற்றுதற்கு உரியது. ஆயினும் உழைப்பு நன்றிக்கு உரிமை தருமேயன்றித் தனித்து ஆளும் உரிமையைத் தராது என்பதே என் கருத்து.

சென்ற பருவத்தில் இத்தகைய கழகம் ஒன்றில் நிகழ்ந்ததைப் பலரும் அறிவோம். கூட்ட நாளை முன்னறிவிப்பின்றி மாற்றியது ஏன் என்று முதலாண்டு மாணவி ஒருவர் சற்றுக் கடுமையாகக் கேட்டார். அன்றிரவே அவர் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியவர், கேள்விக்கு ஆளான தொண்டரே. அக்கழகத்தின் பொறுப்பாளர் நால்வர். ஏனைய மூவரும் மறுநாள் காலை உணவின்போதுதான் செய்தியை அறிந்தனர். அவர்களுள் ஒருவரை நான் வினவியபோது, “எல்லா வேலையையும் அவரே செய்கிறார், நாங்கள் எப்படித் தடுப்பது?” என்றார். மற்ற இருவரோ, எஞ்சியோர் இதற்கு இசைந்திருப்பர் என்று எண்ணி வாளாவிருந்தனர். அம்மாணவி பின்னர் அக்கழகத்தின் பக்கமே வரவில்லை.

அந்தத் தொண்டர் தீயவர் அல்லர். உடனே செய்யவேண்டியது எது, கலந்து செய்யவேண்டியது எது என்ற பாகுபாடு அக்கழகத்தில் இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாகுபாட்டை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதும் இல்லை. சதுரங்கம் ஆடுவோர் அதை நன்கு அறிவர்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் விதிக்குப் புறம்பாகக் காயை நகர்த்திவிட்டார். இதற்காகக் குழுவைக் கூட்ட இயலுமா? நடுவர் ஒருவரே முடிவு செய்கிறார். நீண்டநேர ஆட்டமாயின் முதல் முறைக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாக அளிக்கிறார். இரண்டாம் முறை அதே பிழை நேர்ந்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும். ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை. நடுவரின் தீர்ப்பை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம். பெரிய போட்டிகளில் அதற்கென ஒரு குழு உண்டு. வாக்குகள் சமமாகப் பிரிந்துவிடாதவாறு அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கவேண்டும். தகராறில் தொடர்புடைய நடுவரோ ஆட்டக்காரரோ அதில் அமர்தல் கூடாது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாடைக் கண்டு பெருமை கொண்ட நாம், அவ்விளையாட்டின் இந்த நீதியையும் கண்டுகொள்ள வேண்டாமா?

இன்னொரு சான்று, நாம் அனைவரும் நாள்தோறும் பயன்படுத்தும் விக்கிப்பீடியா. அதனைக் காத்துவரும் நிருவாகிகளும் ஊதியம் பெறாத தொண்டர்களே. ஒரு நிருவாகி ஒருவரைத் தடைசெய்யலாம். ஒரு பக்கத்தைப் பூட்டலாம். அவர் செய்ததை இன்னொரு நிருவாகி மாற்றலாம். அவ்வாறு மாற்றப்பட்டதை மூன்றாமவர் பிடிவாதமாக மீண்டும் நிலைநாட்டுதல் ஆங்கில விக்கிப்பீடியாவில் பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது; அந்நிலையில் கலந்துபேசியே ஆகவேண்டும். தாம் சிக்கியுள்ள வழக்கில் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது என்பதும் அங்குள்ள நெறி. செய்தவர் பெயர், நாள், நேரம், காரணம் ஆகியவை பதிவேட்டில் ஏறுகின்றன; பெரும்பாலானவற்றை எவரும் படிக்கலாம்.

இவையெல்லாம் அயலார் கண்ட முறைகள் என்று ஒதுக்குவோர் உத்திரமேரூருக்குச் செல்லட்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் எனப் பொறுப்புப் பிரிக்கப்பட்டது. பதவிக் காலம் 360 நாள். அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பணி செய்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணருக்கே அச்சபை உரியதாயிருந்தது. அந்தக் குறுகிய எல்லையை நாம் போற்ற இயலாது. எனினும் ஒருவர் கையிலேயே பொறுப்பு நிலைத்துவிடலாகாது என்று அவர்கள் கொண்ட எச்சரிக்கை நமக்கும் வேண்டியதே.

“பத்துப் பேரைக் கேட்டால் ஒரு வேலையும் நடவாது, தொண்டரும் மனம் சலித்து விலகுவர்” என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அறைத் திறவுகோல் யாரிடம் இருப்பது என்பதற்கெல்லாம் குழு கூடினால் கழகம் கலைந்தே போகும். ஆனால் தொண்டரைச் சலிப்படையச் செய்வது கலந்துபேசுதலா, தனிமையா? தேர்வு நெருங்கும் வேளையில் எல்லார் சினத்தையும் ஒருவரே தாங்கவேண்டியிருப்பதன்றோ பலரை விரட்டுகிறது? நால்வர் கூடி எடுத்த முடிவின் பழியை நால்வரும் பகிர்ந்துகொள்வர். அது பணியாற்றுவோருக்கே பாதுகாப்பு.

ஆகவே, வளாகத் தமிழ் மாணவர் பங்கேற்கும் கழகங்கள் அனைத்தின் முன்னும் நான்கு நெறிகளை வைக்கிறேன். கூட்டத்தில் அமளி நேர்ந்தால் அதை அடக்கவோ, ஒருவரை அன்றைக்கு மட்டும் வெளியே அனுப்பவோ ஒரு பொறுப்பாளர் போதும். உறுப்பினரை நீக்குவதற்குக் குறைந்தது மூவர் இசைவு வேண்டும். குற்றம் சாட்டுபவரோ, குற்றம் சாட்டப்பட்டவரோ அம்மூவருள் ஒருவராதல் கூடாது. முடிவும் அதன் காரணமும் குறிப்பேட்டில் எழுதப்படவேண்டும். நீக்கப்பட்டவர் அதைப் படிக்கவும் பொதுக்குழுவில் முறையிடவும் வழி இருக்கவேண்டும்.

இதனை நம் தமிழ்ச் சங்கமே முதலில் மேற்கொள்ளட்டும். வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து, மொழி புரியாத ஊரில் முதல் நண்பர்களை இத்தகைய அமைப்புகளில்தான் ஒரு மாணவர் பெறுகிறார். அந்தக் கதவை அடைக்கும் கை ஒற்றைக் கையாக இருக்கலாமா? வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். மறுப்பவரும் வருக, வாதிடுவோம், கூடியே முடிவு செய்வோம்.