பொழுது சாயச் சரியும் இமை



நம் கரிசல் பக்கம் எண்ணிக்கைக்குத்தான் கூலி. எத்தனை கிலோ பருத்தி எடுத்தோம், எத்தனை சட்டம் குச்சி அடுக்கினோம் என்பதே கணக்கு. தீப்பெட்டி ஆபீஸில் காலையில் துறுதுறுவென்று அடுக்கிய பெண், மதியத்துக்கு மேல் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்தால் "நடிக்கிறா" என்றுதான் பேச்சு வரும். சற்றே படுத்தெழுந்து அவளே மறுபடி வேலை பார்த்தாலோ, பேச்சு உறுதியே ஆகிவிடும்.

ஆனால் அது நடிப்பாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம். மயஸ்தீனியா கிராவிஸ் அப்படிப்பட்ட நோய். உழைக்க உழைக்கத் தசை ஓயும், ஓய்வெடுத்தால் தேறும். இமை சரியும், எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரியும், சாப்பிடும்போதே தாடை சோரும். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினைத் தசை வாங்கும் இடங்களை நம் எதிர்ப்புச் சக்தியே அடைத்து அழிக்கிறது. வெயில் இந்தச் சோர்வைக் கூட்டும். கோவில்பட்டிச் சித்திரையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்!

காலை ஓ.பி.யில் டாக்டர் முன் இமை நேராக நிற்கும். ஆகவே சாயங்கால முகத்தைப் போனில் படமெடுத்துக் கொண்டு போங்கள்.

1934ல் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இதே போலத் தசையைத் தளர்த்தும் குராரே விஷத்துக்கு முறிமருந்தான ஃபைசோஸ்டிக்மினை, இந்நோய் வந்த ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். சரிந்த இமை எழுந்தது. இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த வழிவந்தது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. நம் காட்டில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் அதே நொதியைத்தான் பிடிக்கிறது. எனவே முடியவில்லையே என்று மாத்திரையை நீங்களாகக் கூட்டினால், எச்சில் ஊறி, வயிறு போய், தசை இன்னும் தளரும். மாத்திரை சாப்பிடுகிறவர் மருந்தடிக்கப் போகவே வேண்டாம்.

ஸ்டீராய்டு, சிலருக்குத் தைமஸ் சுரப்பி அறுவை என்று வைத்தியம் உண்டு. 'கூலி' படப்பிடிப்பில் அடிபட்டுப் பிழைத்த அமிதாப் பச்சனுக்குப் பிற்பாடு வந்ததும் இதே நோய்தான்; அவர் இன்னும் நடிக்கிறார். இந்நோய் உள்ள பெண்ணை, வீட்டில் தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது போன்ற பாரமான வேலைகளைக் காலையிலேயே முடிக்க விடுங்கள். மிச்சத்தை ஆம்பிளைகளும் செய்யலாம், தப்பில்லை.

காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கும் முன் நோயின் பெயரைச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் இரண்டுமே தசைச் சோர்வைக் கூட்டக்கூடியவை. விழுங்கச் சிரமப்பட்டாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு, திருநெல்வேலியோ மதுரையோ, அந்த ராத்திரியே வண்டி எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்